அரைக் கரண்டி நெய்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஒரு மண்டபத்தில் தமிழ்த் தாதிமார் வருடத்துக்கு ஒரு தடவை கூடுவோம். ஓய்வு பெற்றவர்கள் முன்வரிசையில் இருந்து வடை சாப்பிடுவோம். வேலையில் இருக்கிறவர்கள் பின்வரிசையில் இருந்து போனைப் பார்ப்பார்கள். போன தடவை ஓர் இளம் தாதி எழுந்து, தன் வார்ட்டில் ஒருவருக்குக் கஞ்சா எண்ணெய் மருந்துச் சீட்டில் வருகிறதென்றும், இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்து வைத்துவிட்டு அளந்து கொடுப்பதாகவும் சாதாரணமாகச் சொன்னாள். பலர் சிரித்தார்கள். எனக்கு வாயில் இருந்த வடை உள்ளே இறங்கவில்லை. அவள் அதைக் கவனித்துவிட்டு, பயமா ஆன்ட்டி என்று கேட்டாள். ஓம் என்றேன். கூட்டம் நடத்துகிறவர்கள் ஏன் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. எழுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இங்கிலாந்தின் கடலோர ஊர் ஒன்றில் மூன்று வருடம் பயின்றேன். அந்த மூன்று வருடத்தில் நினைவில் நிற்பது குளிரும், கட்டில் விரிப்பின் மூலையை மடிக்கிற விதமும், பிழை விட்டுவிடுவேனோ என்ற நடுக்கமும்தான். மருந்துப் போத்தலை எடுக்கும்போது ஒரு தரம், ஊற்றும்போது ஒரு தரம், திரும்ப வைக்கும்போது ஒரு தரம் லேபலை வாசிக்கச் சொல்லித் தந்தார்கள். நான் நாலாந்தரமும் வாசிப்பேன். கூடப் படித்தவர்கள் கேலி செய்தார்கள். பயந்த தாதி நல்ல தாதி என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

பிறகு தெற்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி. குடல் நோயாளர்களுக்கான வார்ட், இருபத்துநான்கு கட்டில்கள். அதை ஆண்டுவந்தவர் தலைமைத் தாதி, சிஸ்டர் கீனன் என்ற அயர்லாந்துக்காரி. உயரம் என் தோளுக்கு வரும். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. சப்பாத்துச் சத்தமும் கேட்காது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்பார். ஏதாவது பிழை நடந்தால் கதவைச் சாத்திவிட்டு மூன்று கேள்வி கேட்பார். என்ன கண்டாய்? என்ன செய்தாய்? என்ன எழுதினாய்? ஏன் செய்தாய் என்று ஒருநாளும் கேட்கமாட்டார். அந்த மூன்றுக்கும் பதில் ஒன்றாக இருந்தால் வெளியே விட்டுவிடுவார். ஒன்றோடொன்று ஒத்துவராவிட்டால் அன்றைய நாள் தொலைந்தது.

அபாய மருந்துகள் அலுமாரிக்குள் இன்னொரு அலுமாரியில் இருக்கும். கதவைத் திறந்தால் சுவரில் சிவப்பு விளக்கு எரியும். ஒருத்தி தனியே திறக்க முடியாது. இரண்டு பேர் நின்று எண்ணி, பதிவேட்டில் எழுதி, இரண்டு பேருமாகக் கட்டிலுக்கு நடந்து, நோயாளியின் கைப்பட்டியை இரண்டு பேரும் வாசித்து, கொடுத்து முடிந்ததும் இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு மாத்திரை குறைந்தாலும் அந்த ஷிப்டில் ஒருவரும் வீட்டுக்குப் போக ஏலாது. எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும். என் பயத்தில் பாதியை இன்னொருத்தி சுமக்கிறாள் அல்லவா.

யோகன் வந்தது எண்பதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம், திங்கட்கிழமை. இருபத்தெட்டு வயது. ஸ்ட்ரெதத்தில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. ஊரில் ஆமி பிடித்து ஏழு மாதம் வைத்திருந்துவிட்டு விட்டது. இங்கே அகதி விண்ணப்பம் போட்டு முடிவுக்காகக் காத்திருந்தான். அவனுக்கு இருந்தது பெருங்குடல் முழுவதும் புண்ணாகிற நோய். வெளியிலிருந்து வருகிற கிருமிகளோடு சண்டை பிடிக்க வேண்டிய உடம்பு தன் குடலையே எதிரி என்று நினைத்து அடிக்கும். முதல் நாள் பதினான்கு தடவை போனான், அத்தனையும் இரத்தம். நாங்கள் ஒவ்வொரு தடவையும் பெட்பானைக் கடதாசியால் மூடிக் கொண்டுபோய்ப் பார்த்து, நேரம், அளவு, நிறம், இரத்தம் என்று மலக் குறிப்பு அட்டையில் எழுதுவோம். டொக்டர்மார் நோயாளியின் முகத்தைப் பார்க்கும் முன்பே அந்த அட்டையைத்தான் பார்ப்பார்கள். எண்ணிக்கை இறங்கினால் ஸ்டீராய்ட் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் கத்தி.

அவன் கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கியது. வயிற்றோட்டத்தை நிறுத்துகிற எந்த மருந்தும் இந்த நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது என்று அதில் இருந்தது. இப்படிப் புண்ணான குடலை மந்தப்படுத்தினால் அது அசையாமல் நின்று, காற்றடைத்து வீங்கி, கிழிந்துவிடும். சிஸ்டர் சொல்ல அந்த அட்டையை எழுதித் தொங்கவிட்டவள் நான்தான்.

என்னைக் கண்டதும் யோகன் அக்கா என்றான். நான் தம்பி என்றேன். அதோடு நான் பாதித் தாதி, பாதிச் சொந்தக்காரி ஆகிவிட்டேன். ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவனுக்கு இறங்கவில்லை. எலும்பும் தோலுமாகக் கிடந்தவனைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சிஸ்டரிடம் போய், வீட்டிலிருந்து குழைந்த சோறு கொண்டுவர விடுங்கள் என்று நான்தான் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு மூன்று நிபந்தனை போட்டார். உறைப்பு ஒன்றும் கூடாது. மனைவி அல்ல, தாதிதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். என்ன, எவ்வளவு என்று உணவு அட்டையில் எழுத வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பார்வையாளர் நேரத்தில் அவன் மனைவி சாந்தி வந்தாள். தையல் தொழிற்சாலையில் வேலை முடித்து ஓடி வந்த பெண். சோற்றுக் கிண்ணத்தோடு ஒரு சின்ன ஜாம் போத்தலில் நெய்யும் கொண்டுவந்தாள். நெய் இலேசான பச்சையாக இருந்தது. நெய் உருக்கும்போது எங்கள் ஆட்கள் கறிவேப்பிலையோ முருங்கையிலையோ போடுவது வழக்கம், அதுதான் என்று நினைத்தேன். கறிவேப்பிலை வாசமும் இருந்தது.

"தேக்கரண்டியிலை அரைவாசிதான் அக்கா. அளவு முக்கியம்," என்றாள் சாந்தி. சொல்லிவிட்டு என் கண்ணைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை நான் பிழையாக வாசித்தேன். கொழுப்புக் கொடுத்தால் ஆஸ்பத்திரியில் ஏசுவார்கள் என்று பயப்படுகிறாள் போலும், பாவம், என்று நினைத்தேன். தலையாட்டினேன். சோற்றுக்கு நெய்யை அளந்து ஊற்றுகிற கை எங்கள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. வார்ட் குசினியில் போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்து இளக்கி, மேசை இழுப்பு லாச்சியில் கிடந்த பெரிய கரண்டியால் நிரப்பி ஒரு கரண்டி ஊற்றிக் குழைத்தேன். நாலு மணிக்கு ஒரு தரம், ஏழு மணிக்கு ஒரு தரம். உணவு அட்டையில் குழைந்த சோறு ஒரு கிண்ணம், முழுவதும் சாப்பிட்டார் என்று எழுதினேன். நெய்யை எழுதவில்லை. நெய் எங்களுக்கு ஒரு பொருளா, எழுதுவதற்கு?

செவ்வாய் பதினொரு தடவை போனான். புதன் ஆறு. வயிற்றுக் குத்து அடங்கிவிட்டது என்றான். நன்றாக நித்திரை கொண்டான். விழித்திருக்கிற நேரத்தில் கண் சிவந்து, வாய் வறண்டு, ஒன்றுமில்லாததற்குச் சிரித்தான். களைத்த உடம்பு தேறுகிறது என்று நினைத்தேன். இளம் டொக்டர் அட்டையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, நாளாந்த எக்ஸ்ரே இனி வேண்டாம், வெள்ளிக்கிழமை ஒன்று எடுத்தால் போதும் என்றார். எனக்கு உள்ளூரப் பெருமை. நாங்கள் கொடுத்த சோறுதானே.

வியாழக்கிழமை சிஸ்டர் நாலரைக்கு வீட்டுக்குப் போய்விட்டார். வார்ட் என் பொறுப்பு. ஐந்து மணிபோல ஓர் இளம் பொலிஸ்காரர் வந்தார். மோட்டார் சைக்கிள் மோதி, பழைய குடல் நோயும் இருந்ததால் எங்கள் வார்ட்டில் கிடந்த ஒரு கிழவரிடம் வாக்குமூலம் எடுக்க வேண்டுமாம். கிழவர் நித்திரை. வார்ட் வழக்கப்படி பொலிஸ்காரரைக் குசினியில் இருத்தித் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். குளிர்பெட்டியைத் திறந்து பால் எடுத்தேன். பாலுக்குப் பக்கத்தில் யோகனின் பெயர் ஒட்டிய ஜாம் போத்தல் இருந்தது. பொலிஸ்காரர் அதைப் பார்த்து, வீட்டில் செய்த ஜாமா என்று விசாரித்தார். நெய் என்று பெருமையாக விளக்கமும் சொன்னேன்.

குசினியை விட்டு வெளியே வந்தால் யோகன் கட்டிலில் இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், ட்ரிப் கம்பியைக் கட்டிப்பிடித்தபடி நிலத்தில் குந்தியிருந்தான். உடம்பெல்லாம் வியர்வை. கிட்டப் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தான். அந்தப் பிடி இன்னும் எனக்குத் தெரிகிறது.

"ஆமி வந்திட்டுது அக்கா. கதவைப் பூட்டுங்கோ."

பொலிஸ் தம்பி, கிழவரைப் பார்க்க வந்தவர் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவன் கண்கள் குசினி வாசலை விட்டு நகரவில்லை. இருபது நிமிடம் அவனுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். பொலிஸ்காரர் வாக்குமூலம் எடுத்துவிட்டு, தேத்தண்ணீருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் யோகன் என் காதோடு அதைச் சொன்னான்.

"நெய்யை ஒளியுங்கோ அக்கா. அவங்கள் மணந்து பிடிச்சிடுவாங்கள்."

நெய்யில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவன் என்னை விளங்காமல் பார்த்தான்.

"உங்களுக்குத் தெரியுந்தானே? மணத்திலையே கண்டுபிடிச்சிருப்பியள் எண்டு சாந்தி சொன்னவள். நீங்கள் தெரிஞ்சும் வாய் திறவாமல் உதவி செய்யிறியள் எண்டுதானே நாங்கள் நினைச்சம்."

இதைப் போல ஒரு பிழையை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் விடமாட்டார்கள். நாங்கள் முக்கியமானதை வாய்விட்டுச் சொல்வதில்லை, கண்ணால் பார்த்துவிட்டு விளங்கிக்கொண்டதாக நினைத்துக்கொள்வோம். சாந்தி கண்ணால் சொன்னாள். நான் தலையாட்டினேன். இரண்டு பேரும் வெவ்வேறு விஷயத்துக்குச் சம்மதித்திருந்தோம்.

மிச்சத்தையும் சொன்னான். சாந்தியின் மாமன் ஊரில் நாட்டு மருந்து கொடுக்கிற பரியாரி. நாள்பட்ட வயிற்றுப்போக்குக்குக் கஞ்சா இலையை நெய்யில் காய்ச்சிக் கொடுப்பாராம். பெற்றோல் நிலையத்தில் கூட வேலை செய்த ஒருவனிடம் இலை கிடைத்தது. இரண்டு வருடமாகக் காலையும் மாலையும் அரைத் தேக்கரண்டி. அதற்கு முன் அவனால் ஒரு ஷிப்ட் முழுவதும் நிற்க ஏலாது. கல்லாவை விட்டுவிட்டு ஓட வேண்டும், வரிசையில் நிற்கிறவர்கள் கத்துவார்கள். நெய் தொடங்கிய பிறகு எட்டு மணித்தியாலம் நின்றான், இரவில் நித்திரை கொண்டான், மனிதனாக இருந்தான். கிளினிக்கில் டொக்டர் தன் மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்தார். அவன் திருத்தவில்லை. ஆஸ்பத்திரியில் எழுதினால் அது அகதி விண்ணப்பம் பார்க்கிற ஹோம் ஒபிசுக்குப் போகும், ஹோம் ஒபிசுக்குப் போனால் பிளேனில் ஏற்றுவார்கள், இறங்குகிற இடத்தில் ஆமி நிற்கும். இந்த மாசியில்தான் நெய்யாலும் நோயைப் பிடித்து வைக்க முடியாமல் போயிருக்கிறது.

நான் குசினிக்குப் போய்ப் போத்தலைத் திறந்து முதல் தடவையாக ஒழுங்காக மணந்தேன். கறிவேப்பிலைக்கு அடியில் ஈர வைக்கோல் வாசம். ஐந்து கரண்டி கொடுத்திருக்கிறேன். என் கையால், தனியே, ஒருவரும் பார்க்காமல், ஒரு கையெழுத்தும் இல்லாமல். போத்தலைக் கைதுடைக்கிற தாளில் சுற்றி என் பைக்குள் வைத்தேன். மலக் குறிப்பு அட்டையில் மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஏழு மணிக்கு வந்த இளம் டொக்டர் அதற்குச் சரி போட்டார். அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பயம் என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. யாருக்காகப் பயந்தேன் என்பது மிச்சப் பாதி.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் பையை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண்ணின் நாய் என் பையை மணக்கத் தொடங்கியது. அதற்கு என் மத்தியானச் சோற்றுக் கிண்ணத்தின் மணமாக இருக்கும். நான் இரண்டு தரிப்புக்கு முன்பே இறங்கி மழையில் நடந்தேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் கணவர் முதலில் செய்தது ஜன்னல் திரையை இழுத்து மூடியதுதான். கவுன்சிலில் கிளார்க்காக இருந்த மனிதர், சட்டம் தெரிந்தவர் என்று எனக்கு நம்பிக்கை.

"வாயைத் திறவாதை. உன்ரை ரெஜிஸ்ட்ரேஷன் போகும். அந்தப் பெடியனைத் திருப்பி அனுப்புவாங்கள். ரெண்டு குடும்பம் அழியும்," என்றார்.

போத்தலை அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை எனக்குக் காலை ஷிப்ட். ஏழரைக்கு இரவு ஷிப்ட்காரர் பொறுப்பை ஒப்படைக்கும்போது, யோகன் அமைதியாக இருந்தார், ஒரு தடவையும் போகவில்லை என்று வாசித்தார்கள். எல்லோருக்கும் திருப்தி. நான் நேரே அவன் கட்டிலுக்குப் போனேன். வயிறு எழும்பி நின்றது. விரலை வைத்துத் தட்டினேன், வெறுமையான சத்தம். நாடி நூற்று இருபத்துநான்கு. காய்ச்சல் இல்லை, ஸ்டீராய்ட் அதை மூடிவிடும். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நோகேல்லை அக்கா," என்று சிரித்தான்.

தலைமாட்டில் என் கையெழுத்தில் அந்த அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. சொன்னால் இவனை நாடு கடத்துவார்கள், சொல்லாவிட்டால் இன்றைக்கே சாவான் என்று எனக்குத் தெரிந்தது. கட்டிலிலிருந்து சிஸ்டரின் அறைக்குப் பதினைந்து அடி இருக்கும். அந்தப் பதினைந்து அடிக்குள் இரண்டு தடவை திரும்பிவிட்டேன்.

கதவைச் சாத்தினேன். சிஸ்டர் பேனையைக் கீழே வைத்தார். என்ன கண்டாய் என்றார். வயிறு, நாடி, அட்டை எல்லாம் சொன்னேன். என்ன செய்தாய் என்றார். நெய்யைச் சொன்னேன், கஞ்சாவைச் சொன்னேன், நேற்று மாலை ஐந்தரைக்கே தெரியும் என்பதையும் சொன்னேன். என்ன எழுதினாய் என்றார்.

"குழைந்த சோறு, ஒரு கிண்ணம்," என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. தொலைபேசியை எடுத்து, பெரிய டொக்டரையும் எக்ஸ்ரேயையும் கூப்பிட்டார். குரல் அதே குரல். வைத்துவிட்டு எழுந்து என்னைக் குசினிக்குக் கூட்டிப்போனார். எந்தக் கரண்டி என்று கேட்டார். லாச்சியைத் திறந்து காட்டினேன். நீ ஊற்றியது போலத் தண்ணீரால் நிரப்பு என்றார். நிரப்பினேன். மருந்து அளக்கிற கிண்ணத்தில் ஊற்றச் சொன்னார். பத்து மில்லிலீட்டர். மனைவி சொன்ன அளவு எவ்வளவு என்றார். அரைத் தேக்கரண்டி, இரண்டரை என்றேன். அவர் கிண்ணத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துக் கண் மட்டத்தில் பார்த்தார். நாலு மடங்கு என்று எனக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் சொன்னார்.

திரும்ப வந்து உணவு அட்டையை என் முன்னால் வைத்தார். கஞ்சா என்ற சொல்லை எழுத வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். ஹோம் ஒபிஸ், பிளேன், ஆமி எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"வெட்டுகிறவருக்கும் மயக்க மருந்து கொடுக்கிறவருக்கும் இது தெரிய வேண்டும். இந்தக் கோப்பு ஹோம் ஒபிசுடையது அல்ல, நோயாளியுடையது. யாராவது கேட்டு வந்தால் என்னிடம் வரட்டும்," என்றார். பிறகு கேட்டார். "நீ பயப்படுவது அவனுக்காகவா, உனக்காகவா?"

பேனையை எடுத்து எழுதினேன். கஞ்சா கலந்த நெய், பத்து மில்லிலீட்டர், ஐந்து தடவை, கொடுத்தது நான். திகதி, நேரம், கையெழுத்து. பக்கத்தில் அவர் கையெழுத்து வைத்தார். மருந்துக்கு வைக்கிற மாதிரியே இரண்டு கையெழுத்து.

எக்ஸ்ரேயில் குடல் வீங்கி மேல் வயிற்றை அடைத்துக்கொண்டு நின்றது. பத்தரைக்குச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். என்னை வீட்டுக்குப் போய்ப் போத்தலைக் கொண்டுவரச் சொன்னார் சிஸ்டர். போகும்போது இருந்த பயம் ஒரு பங்கென்றால் திரும்பி வரும்போது மூன்று பங்கு. மருந்தாளர் வந்து பார்த்து, உறையில் இட்டு முத்திரை வைத்து, சிவப்பு விளக்கு அலுமாரிக்குள் பூட்டி, பிறகு அழித்தார். பொலிஸ் வரவில்லை. ஹோம் ஒபிஸ் வரவில்லை. நாங்கள் எல்லோரும் பயந்த அந்தப் பாதை, ஒரு அலுவலகத்தில் எழுதியது இன்னொன்றுக்குத் தானாகவே போகிற பாதை, ஊரில் இருந்தது. அதை நாங்கள் மூட்டை முடிச்சோடு கொண்டுவந்து இங்கேயும் விரித்திருந்தோம்.

சாந்தி ஒரு மணிக்கு வந்தாள். சத்திரசிகிச்சை அறைக்கு வெளியே நீள வாங்கில் அவளோடு இருந்தேன். நீயே அவளுக்குச் சொல் என்று சிஸ்டர் அனுப்பியிருந்தார். நான் வாய் திறக்க முன் அவள் அழத் தொடங்கினாள்.

"அரைக் கரண்டி கூடிப்போச்சோ அக்கா? ரெண்டு வருசமா அந்தளவுதான் குடுத்தனான். நானே என்ரை கையாலை அவரைக் கெடுத்திட்டன்."

நான் அவள் முதுகைத் தடவினேன். அழாதே என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

யோகன் பிழைத்தான். பெருங்குடல் முழுவதையும் எடுத்துவிட்டு, மலம் வெளியேற வயிற்றில் ஒரு வாய் வைத்துப் பை மாட்டினார்கள். ஈரக் கடதாசி போல இருந்ததாம், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கிழிந்திருக்குமாம். முதல் நாள் மாலையே தெரிந்திருந்தால் குடலைக் காப்பாற்றியிருக்கலாமா என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், மோசமான குடல்தான் என்றார். அந்தப் பதிலோடுதான் நான் இன்றுவரை இருக்கிறேன்.

சிஸ்டர் எனக்கு எழுத்தில் எச்சரிக்கை தந்தார். மூன்று மாதம் மருந்து அலுமாரிச் சாவியை என் இடுப்பிலிருந்து கழற்றி வைத்தார். வீட்டுச் சாப்பாட்டை வார்ட்டில் அடியோடு நிறுத்தினார். அதன்பின் கிண்ணத்தோடு வந்த எத்தனையோ பெண்களை வாசலில் மறித்தவள் நான்தான். ஒரு கிழமை கழித்து, மனைவியிடம் சொன்னாயா என்று சிஸ்டர் கேட்டார். ஓம் சிஸ்டர் என்றேன். அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. அவர் அதை நம்பியபடியே ஓய்வு பெற்றுப் போனார்.

எட்டு வருடம் போனது. யோகன் ஸ்ட்ரெதத்தில் ஒரு சின்னக் கடை எடுத்து நடத்தினான். தீபாவளிக்குத் தீபாவளி பலகாரம் வீட்டுக்கு வரும், வாங்கி வைப்பேன், போகமாட்டேன். நிரந்தர வதிவிட அனுமதிக் கடிதம் வந்தபோது சாந்தியே போன் எடுத்தாள். நீங்கள் இல்லாமல் சாப்பிடமாட்டோம் என்றாள். தட்ட முடியவில்லை. இனி அவர்களை ஒருவரும் திருப்பி அனுப்ப ஏலாது. பழையதைக் கிளறினால் அவர்களுக்கு ஆபத்து என்று எனக்கு நானே சொல்லிவந்த சாட்டும் அன்றோடு முடிந்தது.

ஞாயிறு மத்தியானம், மூன்று பேரும் மேசையில். யோகன் கொஞ்சம் சதை பிடித்திருந்தான். சேட்டுக்குள் பை இருப்பது தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். நோய் குடலோடு போய்விட்டது என்றான், நெய்யும் வேண்டாம் இலையும் வேண்டாம். சாந்தி சோறு போட்டு, பருப்பு விட்டு, நெய்ப் போத்தலை எடுத்தாள். வெறும் நெய், மஞ்சள். தேக்கரண்டியில் பாதி எடுத்து என் சோற்றில் ஊற்றினாள். யோகனுக்கும் பாதி. அவன் இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினான்.

"ஏலாது," என்றாள். என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். "அண்டைக்குப் பிறகு அரைக் கரண்டிக்கு மேலை என்ரை கை போகாது அக்கா. அதே கூடித்தானே இவருக்கு இப்பிடி ஆனது."

யோகன் தட்டை இழுத்துக்கொண்டான். அவனுக்குப் பழகிய பேச்சு என்று தெரிந்தது. எட்டு வருடமாக ஒவ்வொரு நேரச் சாப்பாட்டிலும் அவன் அதைக் கேட்டிருப்பான். சிஸ்டரின் அறைக்குப் போன அந்தப் பதினைந்து அடியை விட இந்த மேசை அகலமாக இருந்தது.

"அரைக் கரண்டி இல்லை, சாந்தி," என்றேன். "நீர் அரை எண்டுதான் சொன்னனீர். நான் பெரிய கரண்டியாலை நிரப்பி ஊத்தினனான். நாலு மடங்கு. அஞ்சு தரம். உம்மிலை ஒரு பிழையும் இல்லை. எனக்கு அண்டைக்கே தெரியும்."

யோகன் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாந்தி கரண்டியைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை அந்தப் பார்வையை நான் பிழையாக வாசிக்கவில்லை.

"எட்டு வருசம், அக்கா," என்றாள்.

பிறகு எழுந்து குசினிக்குப் போய் ஒரு பெரிய கரண்டி எடுத்து வந்தாள். நிரம்ப அள்ளி யோகனின் சோற்றில் ஊற்றினாள். தன் சோற்றிலும் ஊற்றினாள். எனக்கு ஊற்றாமல் போத்தலை மூடி வைத்தாள். நான் தட்டில் இருந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்தேன்.